நடுச் சேம்பர்

“மேல குளிச்சா கீழ பொங்குது, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும், அத்தனை முடியும்…” “என் தலையில இருக்கறதே நாலு முடி, அதுக்கும் கணக்கு காட்டணுமா…” “கணக்கு வேண்டாம்க்கா, என் பாத்ரூம்ல மிதக்குது, நேர்ல வந்து எடுத்துக்கிட்டுப் போங்க…” மாடிப்படியின் அடியில் நின்று சின்னவள் கத்த, மேல்படியில் நின்ற ஓரகத்தி, வாயா இது என்று முணுமுணுத்துக்கொண்டே கதவைச் சாத்தினாள். சாத்தட்டும், சாத்துகிற சத்தத்திலேயே எத்தனை திமிர், பாத்ரூமில் கணுக்கால் வரை கறுப்புத் தண்ணீரில் நிற்பது இவள்தானே, சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு மூக்கால் மூச்சு விடாமல் மக் மக்காக மொண்டு வாளியில் ஊற்றி, வாளியைத் தூக்கி வாசல் சாக்கடைச் சேம்பரில் கொட்டி, இது பதினாலாவது வாளி, இடுப்பு எனக்கு மட்டும் இரும்பிலா செய்திருக்கிறது… அந்த வாசல் சேம்பர் காய்ந்து கிடப்பதுதான் வினையே. அது நிறைந்திருந்தால் குற்றம் தெருவுடையது, ஒரு போன் போட்டால் காசில்லாமல் எடுத்துக் கொடுத்திருப்பார்கள். காய்ந்திருந்தால் அடைப்பு வீட்டுக்குள். காலையில் வந்த பிளம்பர் வாசலிலிருந்து கம்பியை விட்டான், பதினெட்டு அடி போய் முட்டிக்கொண்டது, “நடுவுல ஒரு சேம்பர் இருக்கணுமேம்மா, அதைத் திறந்தா பத்து நிமிஷ வேலை” என்றான், அப்படி எதுவும் இல்லப்பா என்று வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

இல்லையா? குத்துக்கல் மாதிரி இருக்கிறது, சமையலறையில், அரிசி டிரம்முக்கு நேர் கீழே, வழவழவென்ற புது டைல்ஸுக்கு அடியில். புருஷனுக்கு எட்டு மாதம் வெளியூர் வேலை, அந்த எட்டு மாதத்தில்தான் பின்பக்கச் சந்து இடத்தை அடைத்துச் சமையலறையை நீட்டினாள், மூடி மேல மட்டும் ஒட்டாதீங்க, பின்னால அழுவீங்க என்று கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டார், கேட்டாளா… மூடி வெளியே தெரிந்தால், சேம்பர் பாக்கணும் என்று மாதம் ஒரு தடவை பெரியவள் அடுப்படி வரைக்கும் வருவாள், குனிவது மூடிக்கு, பார்ப்பது டப்பாக்களை, என்ன வாங்கினாய், எதை மறைத்தாய்… “ஒட்டுங்க” என்றாள். ஊரிலிருந்து வந்தவர் கேட்டதற்கு, அதை எடுத்துட்டு நேரா வாசலுக்கே குழாய் போட்டாச்சு என்றாள். நம்பினார். நம்புகிற மனுஷனிடம் பொய் சொல்வதில் ஒரு சௌகரியம், அப்புறம் அதைக் காப்பாற்ற வேண்டியதுகூட இல்லை, அவரே பார்த்துக்கொள்கிறார். இப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்… அழுத்தித் தள்ளுகிற மிஷினுக்குப் பாதிச் சம்பளம் கேட்டான் பிளம்பர், வருவதே பாதிச் சம்பளம், அதனால் கடைக்குப் போய் ஒரு ரம்ப பிளேடும் குழாயை அடைக்க ஒரு மூடியும் வாங்கி வந்துவிட்டார். “மேல இருந்து வர்ற குழாயை அறுத்து அடைச்சிடறேன். சொல்லிப் பாத்தாச்சு, கேக்கல. வேற வீடு பாத்துக்கிட்டுப் போகட்டும்.”

போகட்டும். இதற்குத்தானே இத்தனை வருஷம்… ஆனால் குழாயை அறுத்தால் இந்தத் தண்ணீர் வடியுமா? வடியாது, அது அவளுக்குத் தெரியும், நாளைக்கு இவள் குளித்தாலும் பொங்கும், அன்றைக்கு யார் தலையில் போடுவாள்? மேலே இடுப்பெலும்பு முறிந்து, பாத்ரூமுக்குத் தாங்கிப் பிடித்துப் போவதைத் தவிர ஒரு மாதமாகப் படுத்தே இருக்கும் பெரியவர், இவருடைய கூடப்பிறந்த அண்ணன், அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு வீடு தேடிப் போவார்களா… போனால் எனக்கென்ன, என் கல்யாணத்தில் அவர்கள் போட்ட கூத்து கொஞ்சமா. இப்போது சொன்னால் என்ன ஆகும், டைல்ஸை உடைப்பார், அது போகட்டும், அப்புறம் என்னை ஒரு பார்வை பார்ப்பாரே, அதை எங்கே கொண்டுபோய் ஒட்டுவது… வெளியே சுவரோரம் ரம்பம் கர்ரென்று ஒரு இழுப்பு இழுத்தது, நின்றது, பிளேடைத் திருகி முடுக்குகிறார். அந்த அமைதியில்தான் அவளுக்கு உறைத்தது, காலையில் அவள் கத்த ஆரம்பித்ததிலிருந்து அந்தக் குழாயில் ஒரு சொட்டு விழுகிற சத்தம்கூட இல்லை. மத்தியானம் ஆகிவிட்டது. மேலே பிள்ளையோடு சேர்த்து மூன்று பேர். யாருமே பாத்ரூம் பக்கம்… திமிர் பிடித்தவள், வாய்க்கு வாய் எதிர்ப்பேச்சு பேசிவிட்டு, உள்ளே போய் எல்லாரையும்…

மாடி ஜன்னல் திறந்தது. இந்தச் சண்டையில் இதுவரை ஒரு வார்த்தை பேசாத பெரியவரின் குரல், படுத்தபடியே பேசுகிற குரல், மெதுவாக வந்தது.

“தம்பி, அறுக்கறதுன்னா அறு, நான் ஒண்ணும் சொல்லல. அதுக்கு முன்னால ஒரே ஒரு தடவை போயிட்டு வந்துடறேன், காலையில இருந்து அடக்கிக்கிட்டிருக்கேன்… போலாமான்னு சின்னவளைக் கேட்டுச் சொல்லு.”