ஆறாவது ரீலின் தட்டு

லாரியின் ஹாரன் கிடங்கையே அதிர வைத்தது.

“ஓட்டிலி! தூங்கிட்டியா? பெட்டியெல்லாம் வெளிய வரட்டும்!” டிரைவர் கஸ் கத்தினான்.

பழைய படச்சுருள்களைக் கரைத்து வெள்ளி எடுப்பவர்களின் லாரி அது. ஒவ்வொரு ரீலுக்கும் குரல் பதிந்திருக்கும் ஒலித்தட்டுகளை இங்கேயே உடைத்துவிட வேண்டும் என்று ஸ்டுடியோ உத்தரவு.

இன்று அழியப்போவது ஸ்டுடியோவின் முதல் பேசும் படம். கேமரா முன் வாயசைத்தவள் நட்சத்திரம் மேவிஸ் லார்ன். திரைச்சீலைக்குப் பின்னால் நின்று அவளுக்காகப் பேசியவள், இன்று கிடங்கில் வேலை பார்க்கும் ஓட்டிலி வான்ஸ். படத்தில் அவள் பெயர் இல்லை. நேற்று ரேடியோ நிலையத்தில் பேசிக் காட்டினாள். “அப்படியே மேவிஸ் மாதிரி பேசுற. மிமிக்ரிக்கு இங்க இடமில்லம்மா” என்று சிரித்தே அனுப்பிவிட்டார்கள்.

ஆறாவது ரீலின் தட்டைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு திரும்பினாள். வாசலை மறித்து நின்றாள் மேவிஸ்.

“என்னடி, வயித்துல தட்டு முளைச்சிருக்கா?”

“வழிய விடுங்க, மிஸ் லார்ன். இத உடைக்க விடமாட்டேன். ரேடியோக்காரங்க கேக்கணும்.”

“கேட்டா? நேத்து அங்க நடந்தது எனக்கும் தெரியும். முன்னவிட நல்லா மிமிக்ரி பண்றன்னுதான் சொல்வாங்க!”

ஓட்டிலிக்கு முகம் சிவந்தது. வெளியே கஸ் சுத்தியலால் தட்டுகளை நொறுக்கும் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.

மேவிஸ் தட்டைப் பிடுங்கினாள். உடைக்கவில்லை. மூலையிலிருந்த, தட்டுகளை ஓட்டிப் பார்க்கும் சோதனைக் கருவியில் வைத்து, தட்டின் உள்வட்டத்தில் ஊசியை இறக்கினாள். ஓட்டிலியின் குரல் அழுதது, கெஞ்சியது, மன்னித்தது. காட்சி முடிந்தது. வழக்கம்போல ஊசியைத் தூக்க ஓட்டிலியின் கை நீண்டது. படத்தின் வசனம் முடிந்ததும் எல்லா தியேட்டர் ஆபரேட்டர்களும் செய்வது அதுதான்.

மேவிஸ் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

“தொடாத. அன்னிக்கு பேசி முடிச்சு உன்ன வெளிய அனுப்பின பிறகும், குரல் பதியுற மெழுகுத் தட்டு சுத்திக்கிட்டேதான் இருந்துது. பதிஞ்சத வெட்டி எறிய இது பிலிம் இல்ல.”

“அடுத்தது அந்தத் தட்டுதான்!” சுத்தியலோடு கஸ் உள்ளே நுழைந்தான்.

கரகரவென்று ஊசி ஓடியது. நாற்காலி நகரும் ஓசை. பிறகு, படம் பார்த்தவர்கள் யாரும் கேட்டிராத மேவிஸின் தடித்த சொந்தக் குரல், டைரக்டரிடம் வெடித்தது:

“பேசினது ஓட்டிலி வான்ஸ். அவ பேரு இல்லாம இந்தப் படம் வெளிய வந்தா, நானே கொளுத்திடுவேன்!”