மேரி பார்த்த பலகை

பழைய மீன்பிடி லாஞ்சுகளை உடைத்து, அந்தப் பலகையில் பங்களாக்களுக்குத் தரை போட்டுக் கொடுக்கிற பட்டறை ராயபுரத்தில் ஒன்று இருந்தது. காசு இருக்கிறவனுக்கு எதன் மேல் ஆசை வரும் என்று யார் கண்டது? உப்பில் ஊறிக் கறுத்த மரம்தான் வேண்டுமாம். ஆணி இருந்த ஓட்டைகூட அப்படியே தெரியணுமாம்.

ஓட்டை இருக்கலாம், ஆணி இருக்கக் கூடாது. அதற்குத்தான் அடைக்கலமேரி. காந்தத்தை ஓட்டி, உள்ளங்கையால் தடவி, ஒன்று விடாமல் பிடுங்குவாள். அவள் பார்த்து முடித்த பலகை சுவரோர அடுக்கில் ஏறும். அதை அவள் புருஷன் ஜேக்கப் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டான், நேரே ரம்பத்துக்குக் கொடுப்பான். மேரி பார்த்தாச்சுன்னா பார்த்தாச்சு என்று பட்டறை முழுக்கப் பீத்திக்கொள்வான். ஆறு வருஷத்தில் ரம்பத்தில் ஒரு பல் போனதில்லை.

அந்த வியாழக்கிழமை வந்த லோடில் அவள் அண்ணன் லூயிஸின் லாஞ்சுப் பலகைகள் இருந்தன. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் லாஞ்சு கரைக்கு வந்தது, லூயிஸ் வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. அண்ணி ஹில்டா எத்தனை நாள்தான் தாங்குவாள், பாவம், விற்றுவிட்டாள்.

அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். புதுசாகக் கட்டுகிற படகின் முகப்பில் அப்பன் படகு ஆணி ஒன்றை அடித்து, மேலே மரக்குச்சி வைத்து அடைத்துவிடுவார்கள். இந்த லாஞ்சில் அதை அடிக்கச் சொல்லி லூயிஸ் சுத்தியலை மேரி கையில்தான் கொடுத்தான். அந்தக் குச்சி தட்டுப்பட்டதுமே பலகையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஆணியைப் பிடுங்க அவளுக்குக் கை வரவில்லை. புதைக்க ஒரு எலும்புகூட இல்லாத அண்ணனுக்கு இதாவது மிஞ்சட்டுமே. முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் வெளியே போட்டுவிட்டுப் போனால், கூட ஆணி பிடுங்குகிற அங்கம்மா கடப்பாரையைப் போட்டுவிடுவாள். சுவரோர அடுக்கைத்தான் அவள் தொட மாட்டாள். அதன் அடியில் செருகினாள். அடியில் இருப்பது ரம்பத்துக்கு வரச் சாயங்காலம் ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடினாள்.

முதலாளி போனில் இருந்தார். பங்களாக்காரர் சனிக்கிழமையே தரை கேட்கிறாராம். மேரி கால் கடுக்க நின்றாள். அந்த அவசரத்தில், லோடு தள்ளுகிற கமால் அடுக்கை அப்படியே வண்டியில் கவிழ்த்துக்கொண்டு போனது அவளுக்கு எப்படித் தெரியும்? அடிப்பலகை மேலே வந்துவிட்டது.

முதலில் ரம்பம் கத்தியது. அப்புறம் ஜேக்கப் கத்தினான்.

ரம்பப் பல்லும் ஆணித் துண்டும் தெறித்ததில் ஒரு கண் போய்விட்டது, இன்னொன்று சந்தேகம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மறுநாள் முதலாளி வந்து, ஆணியை விட்டது யார் என்று கேட்டார். ரெண்டு கண்ணிலும் கட்டோடு கிடந்த ஜேக்கப் மேரியின் கையைப் பிடித்துக்கொண்டே பதில் சொன்னான்.

"அங்கம்மா பாத்ததா இருக்கும் சார். மேரி பாத்த பலகைல ஆணி இருக்காது."

மேரிக்கு அதைத் தாங்க முடியவில்லை.

"அங்கம்மா இல்ல, நாந்தான். ஆணி கீதுன்னு தெரிஞ்சுதான் உள்ள வெச்சேன். எங்க அண்ணன் பலகை அது."

ஜேக்கப் கையை உருவிக்கொண்டான். முதலாளி போனபிறகு தண்ணீர் கேட்டான். அவள் டம்ளரைக் கையில் கொடுத்தாள். உள்ளே விரலை விட்டு அடிவரைக்கும் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தான்.