பதினோரு சாம்பல் சிட்டங்கள்

ஜோங்சிக் காகிதப் பையிலிருந்து மனைவியின் பின்னலை எடுத்து மேஜைமேல் வைத்ததும், நூல்கடைக்காரி குவாக் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தாள். பின்னல் சுருங்கிக் கட்டிதட்டி, பலகை மாதிரி விறைத்துக் கிடந்தது. கம்பளியை வெந்நீரில் போட்டால் என்ன ஆகும் என்று முப்பத்தொரு வருஷம் தேகு நகரத்தில் பஸ் ஓட்டிய மனுஷனுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? ஓய்வு பெற்று மூன்று மாதம்தான் ஆகிறது. மனைவி ஓக்ரான் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடத் தங்கை வீட்டுக்கு என்று சொல்லிப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் வீட்டைப் பளபளவென்று வைத்து அசத்திவிடலாம் என்று கண்ணில் பட்ட துணியையெல்லாம் வாரி வாஷிங் மெஷினில் திணித்தார். அவளுடைய பின்னல் பையில் இருந்ததும் அதோடு போனது. காலிப் பையின் அடியில் இந்தக் கடையின் சீட்டு கிடந்ததோ, பிழைத்தார்.

"வாங்க அப்பா, உக்காருங்க" என்றாள் குவாக். வயதான ஆள் யார் வந்தாலும் கடைகளில் அப்படித்தான் கூப்பிடுவார்கள், தெரிந்த சங்கதிதான். ஆனாலும் மூன்று வருஷமாக வீட்டில் அந்தச் சொல் காதில் விழாதவருக்குச் சுருக்கென்றது.

"இதே நிறத்துல ஒரு சிட்டம் நூல் குடும்மா. சாயங்காலம் அவ வந்துடுவா. தெரியாம மாத்தி வச்சிடறேன்."

"நூலை வாங்கி வச்சா? பின்னினதை எப்படிப்பா மாத்துவீங்க?"

அதுவும் சரிதான். அவருக்கு அது தோன்றவே இல்லை.

"பரவால்ல, இது ஓக்ரான் அம்மாவோட பின்னல்தானே? அவங்களுக்கு வேகமான கை. மறுபடி பின்னிடுவாங்க. எந்த நிறம்?"

"சாம்பல்."

"எந்தச் சாம்பல்?"

கேட்டுவிட்டு அவள் அலமாரியிலிருந்து சிட்டம் சிட்டமாக எடுத்துப் போட்டாள். மொத்தம் பதினொன்று. அரிசி களைந்த தண்ணீர், பார்லித் தேநீர், ஆற்றுக் கூழாங்கல், ஈரச் சாக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வேறு. எல்லாம் அவளே காய்ச்சித் தோய்த்த சாயம். ஒரு பானையில் வந்தது மறு பானையில் வராதாம். முதலில் பதினொன்றும் ஒன்றுபோலத் தெரிந்தன. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தால் ஒன்றில் நீலம் ஓடியது, ஒன்றில் பழுப்பு, ஒன்றில் என்னவென்றே சொல்லத் தெரியாத ஏதோ ஒன்று. மெஷினில் வெளுத்துப்போன பின்னலை வைத்து ஒப்பிடவும் வழியில்லை. ஒரு வாரமாக ஓக்ரான் டிவிக்கு முன்னால், அவர் முழங்கையை இடித்துக்கொண்டு உட்கார்ந்துதான் பின்னினாள். என்ன நிறம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லையே, இதென்ன கண்றாவி என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"டீ பாத்திரத்துக்கு உறை பின்றாள்னுல்ல நெனச்சேன்" என்றார்.

குவாக் விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்லாருக்கு போங்க! ஞாயித்துக்கிழமை பேத்தியோட மொதப் பொறந்தநாளுக்குத் தொப்பி பின்றாங்க, தாத்தாவுக்குக் கிண்டலைப் பாரு!"

அவரும் சிரித்தார். வாய்தான் சிரித்தது. பேத்தியா? ஹேரிமுக்குக் குழந்தையா? மூன்று வருஷத்துக்கு முன்னால், கூட வேலை பார்த்த நேபாளத்துப் பையனைக் கட்டிக்கொள்ளப்போகிறேன் என்று மகள் வந்து நின்றபோது, ஊர் சிரிக்கும், இனி என் வாசப்படி மிதிக்காதே என்றவர் அவர்தான். போன வருஷம் இதே குளிரில் ஓக்ரான் தினமும் சர்ச்சில் பாட்டுப் பயிற்சி என்று போனாள். ஒரு நாளாவது வீட்டில் ஒரு பாட்டு பாடினாளா? முதலில் கோபம் வந்தது. யார்மேல் என்று பிடிபடவில்லை. அப்புறம் வெட்கம் வந்தது, அது யாரைப் பற்றி என்பதில் சந்தேகமே இல்லை.

"மத்தவங்களுக்குன்னா இந்த வெளிர் நிறத்தைக் கண்ண மூடிட்டுக் குடுத்துடுவேன்" என்று குவாக் பேசிக்கொண்டே போனாள். "அம்மா வேணாம்னுட்டாங்க. பாப்பா அவங்கப்பா நிறமாம், இது எடுப்பா இருக்காதாம். போன்ல படத்தை வச்சி வச்சி ஒரு மணி நேரம் பாத்தாங்க. கடைசியா எதை எடுத்தாங்கன்னு எனக்கே ஞாபகம் இல்ல. உங்க போன்ல படம் இருக்குமே, எடுங்க, வச்சிப் பாத்துடலாம்."

ஜோங்சிக் போனை எடுத்துப் படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். மலை உச்சி. அவர் பிடித்த கெண்டை மீன். மறுபடி மலை. பூச்செண்டும் கையுமாக, அவர் கடைசியாக ஓட்டிய பஸ்ஸின் முன்னால் அவரே. அந்தக் கெண்டை மீனுக்கு மட்டும் ஏழு படம் இருந்தது.

"கண்ணாடி எடுத்துட்டு வரலம்மா" என்றார்.

குவாக் சிரிப்பதை நிறுத்திவிட்டு, கலைந்த சிட்டங்களை மெல்ல அடுக்க ஆரம்பித்தாள்.

ஏதாவது ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். பையில் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவராக இருந்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை அவளும் பாட்டுப் பயிற்சி என்று கிளம்பிப் போய்விடுவாள். அவர் தனியாக உட்கார்ந்து நூடுல்ஸ் தின்னலாம். பர்ஸைக்கூட எடுத்துவிட்டார். எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"இந்தா பாரு... உன் பின்னலை மெஷின்ல போட்டுட்டேன்."

"அய்யோ, என்னங்க!"

"கடையிலதான் நிக்கறேன். பழுப்பு கலந்தது ஒண்ணு, நீலம் கலந்தது ஒண்ணு. புள்ளைக்கு எது எடுப்பா இருக்கும்?"

பாத்திரம் ஒன்று கீழே விழுந்து உருளும் சத்தம் கேட்டது. அழைப்பு அறுந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று போனை மேஜைமேல் போட்டுவிட்டு, இரண்டு சிட்டங்களையும் இரண்டு கையில் பிடித்தபடி நின்றார். மேஜைமேல் போன் மறுபடி அதிர்ந்தது, இந்தத் தடவை வீடியோவில். கை ஒழியவில்லையா, ஒழிக்கத் தைரியம் இல்லையா, அப்படியே நின்றார். குவாக்தான் பச்சைப் பொத்தானைத் தொட்டு, போனைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

மிளகாய் விழுது அப்பிய ஓக்ரானின் ரப்பர் கையுறை முதலில் தெரிந்தது. பிறகு ஒரு சுவர். பிறகு, மிக அருகில், ஒரு சின்ன நெற்றியும் இரண்டு கண்களும்.

"யாரும்மா அது?" என்று பின்னாலிருந்து ஹேரிமின் குரல் கேட்டது.

ஜோங்சிக் பழுப்புச் சிட்டத்தை மட்டும் திரைக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தார். குழந்தை அவரைப் பார்க்கவில்லை, நூலைப் பார்த்தது. பார்த்துவிட்டு அதைப் பிடுங்கக் கையை நீட்டியது. திரை முழுவதையும் ஒரு சின்ன உள்ளங்கை மூடிக்கொண்டது.