'ட்ஸ்' குடியிருக்கும் இடம்

கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி நகரில், கபானி சந்தையில், கடைக்காரன் ஸ்டெர்கியோஸின் மோவாய்க்குத் தனி மரியாதை இருந்தது. விலை பிடிக்காவிட்டால் அவன் பேச மாட்டான். மோவாயை மேலே தூக்கி, புருவத்தை ஏற்றி, நாக்கைத் தட்டி 'ட்ஸ்' என்பான். எங்கள் ஊரில் 'முடியாது' என்பதற்கு அதுவே முழு வாக்கியம். அந்தச் சத்தத்துக்குப் பயந்து விவசாயிகள் ஆலிவ் பீப்பாயை இறக்கும் முன்பே விலையை இறக்கிவிடுவார்கள்.

அப்பேர்ப்பட்டவன் அந்தக் குளிர்காலத்தில் கெட்டுப்போனான். யார் எதைக் கேட்டாலும் சரி என்றான். வந்தவர்கள் தங்கள் விலையைத் தாங்களே சொல்லி, பாலாடைக்கட்டியும் ஆலிவும் அள்ளிப்போனார்கள். கடைசியில் சிக்கு வாடை அடிக்கும் எண்ணெயைப் பீப்பாய் பீப்பாயாக வாங்கி அடுக்கினான்.

கடையில் பாதிப் பங்கு அண்ணன் பஸ்காலிஸுடையது.

"ஈஸ்டர் வரைக்கும் பாப்பேன் பொலிக்ஸேனி" என்றான் தம்பி மனைவியிடம். "அப்புறம் கடைப் பலகையில அவன் பேரை அழிச்சிடுவேன். எவளோ ஒருத்தி இருக்கா."

"இருந்தா சட்டையாவது மாத்துவாரு அத்தான். ஒரே சட்டையிலதான் கிடக்குறாரு."

"அப்போ திமிரு. அப்பா குடுத்த செல்லம்."

பாதிரியார் கண்ணேறு என்றார். மன ஆலோசகர், அப்பா செத்த துக்கம் உள்ளேயே உறைந்துவிட்டது என்றார். ஆளாளுக்குத் தங்கள் கடையில் இருந்த சரக்கையே அவள் தலையில் கட்டினார்கள்.

பொலிக்ஸேனி துணி வியாபாரியின் மகள். கறை துணியிலா, வெளிச்சத்திலா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவள். அவளை உறுத்தியது அந்த எண்ணெய். மோந்து பார்த்தே எந்தத் தோப்பு என்று சொல்கிறவன், சிக்கெண்ணெயை எப்படி வாங்கினான்? குணம் கெட்டால் கெடட்டும், மூக்கு ஏன் கெட வேண்டும்?

அவனை நரம்பு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

டாக்டர் மெல்போவுக்கு அம்மா ஜெர்மன்காரி. ஸ்டுட்கார்ட்டில் வளர்ந்து, சமீபத்தில்தான் அப்பாவின் ஊருக்கு வேலைக்கு வந்தவள். ஸ்டெர்கியோஸின் கண்ணை மூடச் சொல்லி, மூக்கருகே காப்பித் தூளை நீட்டினாள். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு விளையாட்டு.

"நான் மேசையை ஒரு தடவை தட்டினா நீங்களும் தட்டணும். ரெண்டு தடவை தட்டினா சும்மா இருக்கணும். எங்க, சொல்லுங்க?"

அவன் பிசகாமல் திருப்பிச் சொன்னான். ஆனால் அவள் எப்படித் தட்டினாலும் தட்டினான். விதி வாயில் இருந்தது, கை கேட்கவில்லை.

தலையை ஸ்கேன் படம் எடுத்தார்கள். மூக்குக்கு மேலே, நெற்றிக்குப் பின்னால் கமலா ஆரஞ்சு அளவுக்கு ஒரு கட்டி.

"ரொம்ப காலமா மெதுவா வளந்திருக்கு. புற்று மாதிரி தெரியல" என்றாள் மெல்போ. "வாசனை நரம்பு மேல உக்காந்து மூளையோட முன்பக்கத்தை அழுத்துது. வேண்டாம்னு நிறுத்துற வேலையெல்லாம் அங்கதான்."

"அப்போ 'ட்ஸ்' அங்கதான் குடியிருக்கா?"

"என்னது?"

"ஒண்ணுமில்ல. எடுத்துட்டா பழைய ஆளு திரும்பிடுவாரா?"

"மூக்கு திரும்பாது. குணம் திரும்பலாம். சத்தியம் பண்ண மாட்டேன்."

பஸ்காலிஸ் சிரித்தான். "கெட்ட குணத்துக்குப் படம் எடுக்குறாங்களாம்."

"பல்வலி வந்தப்ப சந்தையில எல்லார் மேலயும் எரிஞ்சு விழுந்தீங்களே அத்தான், அது குணமா, பல்லா?"

அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு போய்விட்டான்.

அறுவை முடிந்தது. கட்டி வந்துவிட்டது, ஆள் வரவில்லை. சூப் வேண்டுமா என்றால் சரி, வேண்டாமா என்றால் அதற்கும் சரி. தெருவில் சிவப்பு ஈஸ்டர் முட்டைகள் விற்பனைக்கு வந்துவிட்டன. பஸ்காலிஸ் வைத்த தவணை முடியப்போகிறது.

அன்று காலை மெல்போ வந்தாள். "ஈஸ்டர் முடியற வரைக்கும் இங்கயே படுத்திருக்கணும், சரியா?"

கட்டுப் போட்ட தலை லேசாக அசைந்தது.

"ஒத்துக்கிட்டாரு" என்று மெல்போ நகரப் போனாள்.

பொலிக்ஸேனி அவள் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "எங்க ஒத்துக்கிட்டாரு? முடியாதுங்குறாரு."

"தலையாட்டினாரே?"

"மேல மட்டும்தான போச்சு, கீழ வந்துச்சா?"

மெல்போ திரும்பவும் கேட்டாள். மோவாய் மேலே ஏறியது. புருவமும் ஏறியது. வறண்ட உதட்டுக்கு நடுவே, சின்னதாக: 'ட்ஸ்'.

மெல்போ கட்டில் கம்பியை ஒருமுறை தட்டினாள். அவனும் தட்டினான். இரண்டு முறை தட்டினாள். அவன் விரல் எழுந்தது, அந்தரத்தில் நின்றது, போர்வைமேல் இறங்கிப் படுத்துக்கொண்டது.

"அப்போ ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை வீட்டுக்குப் போகலாம்" என்றாள் மெல்போ. "ஆனா கடைப்பக்கம் போகக்கூடாது."

அவன் யோசித்தான். மோவாய் கீழே இறங்கிப் பக்கவாட்டில் சாய்ந்தது. பேரம் படிந்தது.

மத்தியானம் பஸ்காலிஸ் வந்தான். தம்பி எதற்கும் சரி என்பான் என்ற நினைப்பிலேயே கேட்டான்: "அந்தச் சிக்கெண்ணெயை ஒருத்தன் சும்மா குடுத்தா தூக்கிட்டுப் போறேங்குறான். குடுத்துடவா?"

'ட்ஸ்.' இந்தத் தடவை வராந்தாவில் போன நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

"சோப்பு காய்ச்சுறவன்கிட்ட வித்துடு. அவனே வண்டி கொண்டு வரணும்னு சொல்லு" என்றான் ஸ்டெர்கியோஸ்.

பஸ்காலிஸ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கைக்குட்டையில் மூக்கைச் சிந்தினான். அவன் சிந்தி முடிக்கும்வரை பொலிக்ஸேனி பொறுத்திருந்தாள்.

"போறப்ப பெயின்ட் வாங்கிட்டுப் போங்க அத்தான். பலகையில இவரு பேரைப் பெருசா எழுதணும்."

"என் பேரு அளவுக்கே இருந்தா போதாதாம்மா?"

அவள் மோவாயை மேலே தூக்கினாள்.