தேதி முந்திய கடிதங்கள்

கர்னல் தினமும் காலை ஆறு மணிக்குப் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆஜர் எடுப்பார். ஒன்றிலிருந்து நாற்பத்தொன்று வரை எண்களைச் சத்தமாக வாசிப்பார். ஒவ்வோர் எண்ணுக்குப் பிறகும் மூன்று மூச்சு விடும் நேரம் காத்திருப்பார். பதில் வராது. எல்லாரும் ஒரே மலையில் ஒரே நாளில் செத்தவர்கள், எப்படி வரும்? நோட்டில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுவிட்டு வெளியே வந்து, "டீ ஆச்சாம்மா?" என்பார். மகளுக்கு இது பழகிவிட்டது. சில வீட்டு அப்பாக்கள் குறட்டை விடுகிறார்கள், இவர் ஆஜர் எடுக்கிறார், அவ்வளவுதான்.

பதினெட்டு வயதில் சாதாரணச் சிப்பாயாகக் காலாட்படையில் சேர்ந்து, ஒரு ரெஜிமென்டையே நடத்தியவர் அவர். அந்த மலையைப் பிடித்ததற்குத்தான் நாட்டின் பெரிய பதக்கம் கிடைத்தது. ரெஜிமென்டின் ஆண்டு விழாவுக்கு அவர் வாழ்க்கையைப் புத்தகமாகப் போட இருந்தார்கள். மகள் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவள். ஒரு புள்ளி பிசகினாலும் அவள் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. அதனால் பழைய பெட்டியைத் திறந்து காகிதங்களை அவளே வரிசைப்படுத்த உட்கார்ந்தாள்.

பெட்டியைத் திறந்த மறுநாள், திங்கட்கிழமை காலை, பின்னறையில் "நாற்பத்தொன்று" என்று கேட்டது. பிறகு இன்னொரு குரல்.

"இருக்கேன் ஐயா."

இளம் குரல். மேட்டில் ஓடி ஏறியவனுக்கு இரைப்பது போல அதற்கு இரைத்தது. பக்கத்து வீட்டு ரேடியோவாக இருக்கும் என்று மகள் தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டாள். அன்று அப்பா டீ கேட்கவில்லை.

புதன்கிழமை மதியம் பெட்டியின் அடியில் நாற்பத்தோரு இரங்கல் கடிதங்களின் கார்பன் நகல்கள் கிடைத்தன. எல்லாம் அப்பாவின் கையெழுத்து, எல்லாவற்றிலும் ஒரே வாசகம். 'உங்கள் மகன் இறந்தார் என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறேன். அவர் வீரனாக நின்றார். அவருக்கு வலி தெரியவில்லை.' தேதி பன்னிரண்டு, மலை பிடிபட்ட நாள். கூடவே தபால் மூட்டை ஏறியதற்கான ரசீது. அதில் தேதி பதினொன்று. மகளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அப்பா, சாகறதுக்கு முந்தின நாளே லெட்டர் எப்படிப் போச்சு?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் இல்லை கர்னல். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முதல் வரிசையில போறவன் திரும்பமாட்டான்னு எனக்குத் தெரியும்மா. சண்டை முடிஞ்சா கை நடுங்கும், எழுத வராது. அதான் முன்னாடியே எழுதி வச்சேன். எல்லாச் சண்டைக்கும் அப்படித்தான். அந்தத் தடவை கிளார்க் அவசரப்பட்டு மூட்டையில போட்டு அனுப்பிட்டான்."

"எல்லாரும் செத்துட்டாங்களா?"

"நாப்பது பேர்." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "நாப்பத்தொண்ணாவது ஆள், தகவல் கொண்டுபோற பையன், முழுசா இறங்கி வந்தான். ஓட்டக்காரன்னு கூப்பிடுவோம். சிரிச்சுக்கிட்டே வந்து சல்யூட் அடிச்சான். அவன் அம்மாவுக்கு லெட்டர் போயாச்சு. என் கையெழுத்து. மேலிடத்துல நான் என்னன்னு சொல்லுவேன்? மேல இருக்கற பிளட்டூனுக்கு அவசரத் தகவல்னு ஒரு கவரைக் கொடுத்து மறுபடியும் ஏறச் சொன்னேன்."

"கவர்ல என்ன இருந்துச்சு?"

"வெறும் தாள்."

மகள் ரசீதைக் கீழே வைத்தாள். சின்ன வயதில் தன்னைத் தோளில் தூக்கிச் சுமந்த மனிதர் இவர்தானா? வெறுப்பு வந்தது. வெறுக்க முடியாமல் அழுகையும் வந்தது. எழுந்து போகத் திரும்பியவள், மேசையில் கடிதத் தாள்களுக்கு நடுவே புதிய கார்பன் தாள் ஒன்றைக் கண்டாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கலங்கியிருந்தன. மேலே இருந்த தேதியும் விலாசமும் மட்டும் தெளிவாகத் தெரிந்தன. தேதி மறுநாள், வியாழன். விலாசம் அவளுடையது.

"இது என்னப்பா?"

"நேத்தே தபால்ல போட்டுட்டேன். நான் எழுதின லெட்டர் இதுவரைக்கும் பொய்யானதில்லம்மா. அவன் மூணு நாளா வந்து நிக்கறான்."

அவள் டாக்டரைக் கூட்டிவந்தாள். நாடியும் இதயமும் கல்லுக் கணக்காக இருக்கின்றன, கவலை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார் டாக்டர். அவள் கவலைப்பட்டாள். என்ன பாவம் செய்திருந்தாலும் அப்பா நாளைக்கும் உயிரோடு இருக்க வேண்டும், இருந்து ஓட்டக்காரனின் அம்மா விலாசத்துக்கு உண்மையை எழுத வேண்டும். ஆஜர் நடந்தால்தானே அவன் வருவான் என்று நோட்டைத் தூக்கித் தன் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தாள். பின்னறையையும் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வியாழன் காலை அவளை எழுப்பியது அப்பாவின் குரல்தான். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. சாவி முந்தானையிலேயே இருந்தது. ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தால், உள்ளே தாழ் போட்டிருந்தது.

"நாற்பத்தொன்று."

"இருக்கேன் ஐயா."

"அப்பா, கதவைத் திறங்கப்பா!"

உள்ளே ஒரு தாள் புரண்டது. அடுத்து வாசித்தது அப்பா இல்லை.

"நாற்பத்திரண்டு," என்றது அந்த இளம் குரல்.

ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. பதில் சொல்லுங்கப்பா, ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா என்று கதவில் தலையை முட்டிக்கொண்டாள். மூன்றாவது மூச்சுக்குப் பிறகு பென்சில் இருமுறை கீறும் சத்தம் கேட்டது. தாழ் தானாக விலகியது.

அப்பா சீருடையில், பதக்கத்தோடு நாற்காலியில் இருந்தார். வேறு யாரும் இல்லை. மேசையில் அவள் தலையணைக்கு அடியில் வைத்த நோட்டு. அவர் வாய் கோணியிருந்தது. இரு கைகளும் நாற்காலிக் கட்டையை நகம் பெயரும் அளவுக்குப் பற்றியிருந்தன.

பதினோரு மணிக்குத் தபால்காரர் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, துக்கத்துக்குக் கூடியிருந்தவர்களைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். மகள் மெய்ப்புத் திருத்தும் பழக்கத்தில் ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். அதே முதல் வரிதான். 'உங்கள் தந்தை இறந்தார் என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறேன்.' கீழே அப்பாவின் கையெழுத்து. திருப்பிப் பார்த்தாள், மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

வீரனாக நின்றார் என்று இல்லை. வலி தெரியவில்லை என்ற வரியும் இல்லை.