ஜெனரலுக்குத் தரவேண்டிய கன்று

நாலு லட்சத்து இருபதாயிரம் ரூபியா, இல்லையென்றால் ஒரு கிடேரிக் கன்று. இந்த நாட்டை நெடுங்காலம் ஆண்ட ஜெனரலுக்கு என் அப்பா வாகிஜான் வைத்துவிட்டுப் போன கடன் இதுதான்.

கடன் வந்த கதை சின்னது. ஜெனரல் தன் பெயரில் ஏழைகளுக்கு மாடு கொடுத்தார். சினை மாடு ஒன்று, சட்டம் போட்ட அவர் படம் ஒன்று. மாடு வாங்கியவன் இரண்டு கிடேரிக் கன்றுகளைத் திருப்பித் தரவேண்டும். அவை பட்டியலில் அடுத்து இருக்கும் வீட்டுக்குப் போகும். அப்பா முதல் கன்றைக் கொடுத்துவிட்டார். இரண்டாவதை ஓட்டிக்கொண்டு போனபோது, பட்டியலில் ஒரு திருத்தம், கடிதம் வரும், காத்திரு என்று திருப்பி அனுப்பினார்கள். கடிதம் வரவில்லை. நாலைந்து வருஷத்தில் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், ஜெனரல் நாற்காலியை விட்டு இறங்கினார். பிறகு இறந்தும் போனார்.

அப்பா காத்துக்கொண்டே இருந்தார். எங்கள் கொட்டகையில் எப்போதும் ஒரு கிடேரியின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். அது ஜெனரல் கன்று. தங்கையின் கல்யாணத்துக்கு ஒன்றை விற்றோம். மணல் லாரி ஏறி என் கால் முறிந்தபோது இன்னொன்றை விற்றோம். விற்ற அன்று அப்பா, சுவரில் இருந்த படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவார். அடுத்த கிடேரி பிறந்ததும் துணி அதன் கழுத்துக்குப் போய்விடும்.

அப்பா இறந்து ஆயிரமாவது நாள் நெருங்கியது. அன்றோடு அவருக்குச் செய்யவேண்டிய விருந்துகள் முடிந்துவிடும். கல்லறைக்குக் கல்லும் அன்றுதான் வைப்போம். ஒன்பது நாள் இருக்கும்போது அம்மா சொன்னாள்:

"கல்லு வேணாம்."

"கல்லுக்காரனுக்கு முன்பணம் கொடுத்தாச்சேம்மா!"

"கடனோட இருக்கிறவர் மேல கல்லத் தூக்கி வச்சா அவர் எப்படி எந்திரிச்சுப் போவாரு? மொதல்ல கன்னக் கொடு. அப்புறம் கல்லு."

என் மனைவி லஸ்மி அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். "அத்தே, மாடு வாங்கின பேப்பர்ல பணம்னும் போட்டிருக்குல்ல? நாலு லட்சத்து இருபதாயிரத்தக் கட்டிட்டா ஆச்சு."

"அது அந்தக் காலத்துப் பணம்டி. அப்ப அது ஒரு கன்னு. இப்ப அதுல கன்னோட வாலு வருமா?"

இரண்டு பேருமே சொன்னது சரிதான். ஐந்து நாள் மணல் அள்ளினால் நாலு லட்சத்து இருபதாயிரம் வந்துவிடும். கன்றை விற்றால் எழுபத்தைந்து லட்சம், என் நாலு மாதக் கூலி. அதில் சமையலறைக் கூரைக்குத் தகரம் போடலாம் என்று லஸ்மி ஓட்டைகளை எண்ணி வைத்திருந்தாள். பதினேழு.

மறுநாள் மணல் கிடங்கின் சின்ன வண்டியை இரவல் வாங்கி, கன்றை ஏற்றிக்கொண்டு டவுனில் கால்நடை ஆபீசுக்குப் போனேன். சாட்சிக்கு ஜெனரல் படத்தையும் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டேன். அதன் முதுகில்தான் அப்பா அந்தப் பேப்பரை ஒட்டி வைத்திருந்தார். ஆபீசில் இருந்த பையனுக்கு என் மகன் வயது, பெரியவர் என்ற மரியாதையில் என்னை 'பாக்' என்றே கூப்பிட்டான்.

"ஜெனரலுக்கு ஒரு கன்னு கொடுக்கணும் தம்பி."

"எந்த ஜெனரலுக்கு?"

படத்தைத் திருப்பிக் காட்டினேன்.

"அவர் செத்து ரொம்ப நாளாச்சே, பாக்!"

"அதனாலதான் இங்க வந்தேன். அவர்கிட்ட நேராப் போறதுக்கு எனக்கு இன்னும் அவசரமில்ல."

அவன் சிரித்துவிட்டான். கம்ப்யூட்டரை அரை மணி நேரம் தட்டினான். "மாடு கொடுக்கிறதுக்கு இதுல இடம் இருக்கு. திருப்பி வாங்கிக்கிறதுக்கு இடமே இல்ல. இதுவரைக்கும் யாரும் வந்து கேட்டதில்ல."

"அப்ப பணமாக் கட்டுறேன்."

"எந்தக் கணக்குல வைக்கிறது? நீங்க ஏன் பாக் இவ்ளோ கஷ்டப்படுறீங்க? தள்ளுபடின்னு நினைச்சுக்கங்க."

"நானே நினைச்சுக்கிட்டா எப்படி? நீங்க எழுதிக் கொடுங்க."

"அதுக்கு மேலேருந்து உத்தரவு வரணும்."

அதற்குள் கன்று வாசற்படியில் சாணி போட்டுவிட்டது. தோட்டக்காரர் ஓடி வந்து ரோஜாச் செடிக்கென்று அள்ளிக்கொண்டார். அன்று அரசாங்கம் எங்களிடம் வாங்கிக்கொண்டது அது ஒன்றுதான்.

திரும்பும் வழியில் கஸ்மூரியின் காப்பிக் கடையில் நிறுத்தினேன். கஸ்மூரி ஜெனரல் பக்தர். வயது எழுபதைத் தாண்டியவர், ஜெனரல் காலத்தில் எங்கள் தெருவுக்குத் தலைவராக இருந்தவர். அவர் கடையில் ஜெனரல் படம் ஒன்றல்ல, மூன்று. வண்டியில் கன்றையும் என் கையில் நாலாவது படத்தையும் பார்த்ததும் கடையே கூடிவிட்டது.

"என்ன சாகிமான், கன்னுக்கு மாப்பிள்ள பாக்கப் போனியா? போட்டோவோட வர்ற!"

நடந்ததைச் சொன்னேன். "ஜெனரல் கல்லறைக்கே ஓட்டிட்டுப் போய்க் கட்டிட்டு வந்துடேன்," என்றான் ஒருவன். "ஐயோ, அங்க போட்ட பூவெல்லாம் மேஞ்சிடும்," என்றான் இன்னொருவன்.

அப்போதுதான் தூமினா அக்கா தெம்பே கூடையைத் தலையிலிருந்து இறக்கினாள். தினமும் அந்த நேரத்துக்கு, சோயாவைப் புளிக்கவைத்து வாழையிலையில் மடித்த தெம்பேயைக் கடைக்குப் போட வருவாள். போடும்போதே கஸ்மூரியோடு சண்டையும் போடுவாள். அவள் அப்பா சஸ்த்ரோவின் நிலம் ஜெனரல் கட்டிய அணைக்குள் போனது. ஆயிரத்து அறுநூற்று நாற்பது சதுர மீட்டர். ஒரு தட்டு வறுத்த சோற்றின் விலைக்கு ஒரு மீட்டர் கேட்டார்கள். சஸ்த்ரோ பணத்தை வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, கடைசிவரை வாங்காமலே இறந்தார். எங்கள் வீட்டில் ஜெனரல் படம் இருந்ததால் தூமினா அக்கா எங்கள் வாசலோடு நின்றுவிடுவாள். அப்பாவிடம் பேசுவாள், உள்ளே வரமாட்டாள்.

"திருடனத் தேடிப்போய்த் திருப்பிக் கொடுக்கிற ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன்," என்றாள் என்னிடம்.

கஸ்மூரி துள்ளினார். "திருடனா? அவர் இருந்தப்ப அரிசி என்ன வெல, சொல்லு பாப்போம்!"

"அரிசி சல்லிசுதான். வாயத் தொறக்கத்தான் ஏகப்பட்ட வெல."

"பள்ளிக்கூடம் கட்டினது யாரு? ரோடு போட்டது யாரு?"

"ரோடு போட்டாரு. எங்க நிலத்துக்குப் போற ரோடு இப்ப தண்ணிக்குள்ள ஜோரா இருக்கு. மீனெல்லாம் நடந்து போவுது."

கடை சிரித்தது. கஸ்மூரியும் மீசைக்குள் சிரித்துக்கொண்டு அவளுக்குக் காப்பி ஊற்றினார். முப்பது வருஷமாக இப்படித்தான்.

"பேப்பர்ல என்னதான் போட்டிருக்கு, படி," என்றான் ஒருவன். எனக்கு நாற்பத்து மூன்று வயதில்தான் எழுத்து வந்தது, ஊர் மன்றத்து மாலை வகுப்பில். அப்பாவுக்கு வரவே இல்லை. கன்றும் தொகையும் மாடு கொடுத்த அன்றைக்கு ஆபீசர் வாயால் சொன்னது. அதற்கு மேல் அந்தப் பேப்பரை எங்கள் வீட்டில் யாரும் படித்ததில்லை. பழைய டைப் எழுத்து, விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தேன்.

"சினை மாடு ஒன்று பெற்றுக்கொண்டேன்... முதல் கன்று, திருப்பப்பட்டது... இரண்டாவது கன்று, மதிப்பு நாலு லட்சத்து இருபதாயிரம்... பெறுபவர்..." அங்கே ஒரு பெயர் அடித்திருந்தது. கோட்டுக்கு அடியில் எழுத்து தெரிந்தது. "சஸ்... த்ரோ."

என் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

தூமினா அக்கா காப்பியை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். பேப்பரை வாங்கவில்லை, என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "எங்கப்பா பேரா? இந்தப் பட்டியல்லயா?"

கஸ்மூரி, கெட்டிலைத் துடைத்தபடியே, யாரையும் பார்க்காமல் சொன்னார். "மேலேருந்து சொன்னாங்க. அணைக் காசு வாங்காதவன் பேரெல்லாம் அடின்னாங்க. நான்தான் அடிச்சேன்."

"ரூலர் வச்சா?" என்று கேட்டாள் தூமினா அக்கா.

"கோணலா இருந்தா திட்டுவாங்க."

அவள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது கெட்டில் பறக்கும் என்றுதான் நான் நினைத்தேன். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தோம். சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். "நம்மள ஒரு ஆளா யாரும் எழுதவே இல்லன்னு சொல்லிச் சொல்லியே செத்தாரு எங்கப்பா. எழுதியிருக்காங்க பாரு. டைப் அடிச்சு எழுதியிருக்காங்க!"

என் வாய் என்னைக் கேட்காமலே பேசிவிட்டது. "அக்கா, அப்ப கன்னு உங்களுது."

சொன்ன பிறகுதான் பதினேழு ஓட்டைகள் ஞாபகத்துக்கு வந்தன.

வீட்டில் சொன்னேன். அம்மா, "வெளங்கிடுச்சு. உங்கப்பா கன்னோட கதவத் தட்ட வேண்டிய வீடு நம்ம வீட்டுலேருந்து நாலாவது வீடு. முப்பது வருஷமா டவுனப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு மனுஷன்," என்றாள். லஸ்மி சட்டிகளைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். நான் திட்டு வாங்கத் தயாராக உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை கொட்டகை காலியாக இருந்தது. விற்கத்தான் ஓட்டிக்கொண்டு போய்விட்டாளோ என்று சந்தைப் பக்கம் ஓடினேன். அவள் ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நின்று, தேங்காய் நாரால் கன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்குற? அழுக்கோடயா கொடுக்கிறது?"

"ஓட்டை..."

"ஓட்டைக்கு அடியில சட்டிய வச்சுக்கிறேன். இத வித்தா நாளைக்கு அடுத்த கன்னு கழுத்துல இந்தத் துணி ஏறும். உங்கப்பா உனக்கு விட்டுட்டுப் போன மாதிரி நீ என் புள்ளைங்களுக்கு விடுவ. எனக்கு வேணாம்பா இந்தச் சொத்து." துணியை அவிழ்த்து, பிழிந்து, தோளில் போட்டுக்கொண்டாள். "இந்தப் பக்கம் காலத் தூக்கு. உன்னத்தான்டி, கன்னே!"

தூமினா அக்கா வீட்டுக்கு ஊரே கூட வந்தது. யாரும் கூப்பிடவில்லை, இருந்தாலும் வந்தார்கள். இரண்டு பேர் டிரம் தட்டினார்கள். கஸ்மூரி கடையை மூடிவிட்டு வந்து, கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். ஆனால் வாய் சும்மா இருக்குமா? "பாத்தியா தூமினா? செத்த பிறகும் எங்க ஜெனரல் மாடு கொடுக்கிறாரு!"

"அவரா கொடுத்தாரு? வாகிஜான் முப்பது வருஷம் புல்லு அறுத்துப் போட்டுக் கொடுத்தாரு!" அவள் கன்றின் பல்லைப் பார்த்தாள், முதுகைத் தடவினாள். "இதுக்குப் பேரு வச்சுட்டேன். ஜெனரல்."

"பொட்டக் கன்னுக்கா?"

"இருக்கட்டுமே. அவரும் ஒரு தடவ சுமந்து பெத்துப் பாக்கட்டும். தெனம் காலையில கயித்தப் புடிச்சு 'நட ஜெனரல்'னு இழுக்கப் போறேன்ல, அதுக்கே நூறு வயசு இருப்பேன்." கூட்டம் அடங்குவதற்குள் அவள் கஸ்மூரியைப் பார்த்துக் கையை நீட்டினாள். "உங்க ஜெனரலுக்குப் புல்லு யாரு கொண்டு வர்றது? கோடு போட்ட கைதான் கொண்டு வரணும். ஒரு வருஷம். தெனம் ஒரு கட்டு."

கஸ்மூரி தன் கையைப் பார்த்தார். "ஒரு வருஷமா! எனக்கு முட்டி வலிக்குமே..."

"சின்னக் கட்டா கொண்டு வாங்க, பாக். நேரா கட்டியிருக்கணும். கோணலா இருந்தா திட்டுவேன்."

அவர் அன்று சாயங்காலமே கொண்டு வந்தார். அன்றிலிருந்து கட்டு ஒவ்வொன்றும் ரூலர் வைத்து வெட்டியது போலத்தான் இருக்கிறது.

ஆயிரமாவது நாள் கல் வைத்தோம். எண்பது பேருக்கு விருந்து; தெம்பே முழுவதும் தூமினா அக்கா போட்டது, காசு பேச விடவில்லை. முதல் முறையாக எங்கள் வீட்டுக்குள் வந்தாள். படத்தைக் கழற்றி வைக்கட்டுமா என்று கேட்டேன். "வேணாம், இருக்கட்டும். நான் சாப்பிடுறத அவர் பாக்கணும்," என்று நேர் எதிரே உட்கார்ந்தாள். படத்தின் முதுகிலிருந்து பேப்பரை எடுத்துத் தரச் சொல்லி, என் பென்சிலை வாங்கி, கோடு போட்ட பெயருக்கு மேலே தன் அப்பாவின் பெயரைப் பெரிதாகத் திரும்ப எழுதினாள். பக்கத்தில், 'கன்று வந்து சேர்ந்தது'.

தொழுகை முடிந்து இமாம் வழக்கம்போலக் கேட்டார். "வாகிஜான் யாருக்காவது ஏதாவது தரவேண்டியிருந்தா இப்பவே சொல்லிடுங்க."

"எனக்குத் தரவேண்டியது வந்துடுச்சு," என்றாள் தூமினா அக்கா, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. "நிலத்துக் கணக்கு வேற. அது எனக்கும் ஜெனரலுக்கும். நான் அங்க போய்க் கேட்டுக்கிறேன். வாகிஜான் பேர்ல ஒரு பாக்கியும் இல்ல."

கஸ்மூரி தொண்டையைச் செருமினார். "நாலு காப்பி..."

"நானூறு காப்பியா இருந்தாலும் போச்சு!" என்று எண்பது பேரும் கத்தினார்கள். அவரும் கையை உதறிவிட்டார்.

உள்ளே அடுப்பில் காப்பி பொங்கும் சத்தம் கேட்டது. அம்மா சுற்றும் முற்றும் பிடிதுணி தேடினாள். லஸ்மியின் தோளில் கிடந்த சிவப்புத் துணியை உருவி, நாலாக மடித்து, பானையை இறக்கினாள்.