ஈரச் சாந்து

மனைவியின் சவப்பெட்டியை மூடலாமா என்று பெட்டி கொண்டுவந்தவர் கேட்டார். அவன் தலையசைக்கப் போன நேரம், வாசலில் மைத்துனர் போனில் பேசுவது காதில் விழுந்தது.

"மத்தியானத்துக்குள்ள முட்டெல்லாம் உருவிடுங்க. நாளைக்குப் பிள்ளைங்க உள்ள வரணும்."

"கொஞ்சம் இருங்க" என்று பெட்டிக்காரரிடம் சொல்லிவிட்டு எழுந்தான்.

மைத்துனர் பேசியது பள்ளிக்கூடத்தைப் பற்றி. விக்டோரியா காலத்துக் கட்டடம். சிவப்புச் செங்கல், மணிக்கூண்டு, ஆளுயரத்துக்கு மேல் தொடங்கும் ஜன்னல்கள். பெரிய கூடத்து வாசலின் கூரான வளைவு விரிசல் விட்டபோது, அதைப் பிரித்துப் பழையபடி சுண்ணாம்புச் சாந்தில் கட்டவைத்த இன்ஜினியர் அவன் மனைவி. காண்ட்ராக்ட் அவள் அண்ணனான இந்த மைத்துனருக்கு. சுண்ணாம்பு ஆற அமரத்தான் இறுகும். வளைவைத் தாங்கி நிற்கும் மரமுட்டுகளுக்கு அடியிலுள்ள ஆப்புகளைத் தினம் கொஞ்சம் தளர்த்தி, வளைவைத் தன் பாரம் தாங்கப் பழக்க வேண்டும் என்பாள். "எங்கண்ணன்கிட்ட கட்டடத்துக்கும் காய்ச்சலுக்கும் ஒரே மருந்துதான், சிமெண்ட்டு" என்று சிரிப்பாள். ஆஸ்பத்திரியில் அவள் கடைசியாகக் கேட்டதுகூட அவனைப் பற்றியல்ல. முட்டு நிற்கிறதா என்றுதான்.

"முட்டு இருக்கட்டும், மச்சான்."

"தட்டிப் பாத்தாச்சு, மாப்ள. பாறை மாதிரி இருக்கு. இது பேசுற நேரமா?"

அவன் பைக்கை எடுத்தான். பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள்.

பள்ளிக்கூடத்தில் பாதி முட்டுகளை உருவியிருந்தார்கள். அடுத்த ஆப்பில் சுத்தியல் விழுவதற்குள் அவன் வளைவுக்கு நேர் கீழே போய் நின்றான். மேஸ்திரி கெஞ்சினார். சாவு வீட்டுக்காரன் மேல் கைவைக்க யாருக்கும் மனம் வரவில்லை. பைக் சாவியால் செங்கல் இடுக்கைச் சுரண்டினான். மேலே நகக்கனத்துக்குச் சிமெண்ட் பூச்சு. அதற்குள் வெண்ணெய் போல ஈரச் சுண்ணாம்பு. உச்சியில் ஏதோ நெரிந்தது. பொடி கழுத்துப்பட்டைக்குள் இறங்கியது.

மைத்துனர் மூச்சிரைக்க வந்து வாசலுக்கு வெளியே நின்றார்.

"எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க, மாப்ள. வெளிய வா."

"நீங்க உள்ள வாங்க, மச்சான்."

அவர் வாசற்படியைப் பார்த்தார். அண்ணாந்து வளைவைப் பார்த்தார். எடுத்த கால் படியில் படாமல் திரும்பிக் கீழே இறங்கியது. வேலையாட்கள் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெகுநேரம் கழித்து மேஸ்திரியின் கையிலிருந்து சுத்தியலை வாங்கிக்கொண்டு அவர் உள்ளே வந்தார். உருவிய முட்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்தச் சொல்லி, ஆப்புகளைத் தானே அடித்து இறக்கினார். கடைசி ஆப்பும் இறுகியது.

"போதும்ண்ணே, கெட்டியாயிடுச்சு" என்றார் மேஸ்திரி.

மைத்துனர் குனிந்தபடி அடித்துக்கொண்டே இருந்தார். அவன் பக்கத்தில் நின்றிருந்தான். சுத்தியலை வாங்கக் கை நீட்டவில்லை.